எப்படிப் படுக்கிறீர்கள்? மெத்தைக் கடையில் யாரும் கேட்காத கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன் கட்டுகஸ்தோட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு புது மெத்தை வந்தது. அம்மாவுக்கு நெடுநாளாக இடுப்பு வலி. “இடுப்பு வலிக்காரருக்குப் பலகை மாதிரி மெத்தைதான் நல்லது” என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கடைக்காரரும் அதையே சொன்னார். ‘மருத்துவ மெத்தை’ என்று எழுதியிருந்த ஒன்றைப் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கினோம். நான்காவது தவணை கட்டும்போது அம்மா முன்னறைச் செற்றியில் படுக்கத் தொடங்கியிருந்தார். இடுப்பு வலி குறையவில்லை. இடது தோள் மரத்துப்போவது புதிதாகச் சேர்ந்துகொண்டது.

கிளினிக்கில் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: “அம்மா, எந்தப் பக்கம் சரிஞ்சு படுப்பீங்க?” அம்மா இளவயதிலிருந்தே இடது பக்கம் சரிந்து படுப்பவர். கடையில் நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் இதை யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் உள்ள தளபாடக் கடைகளில் இப்போது ‘இயற்கை லேட்டெக்ஸ்’, ‘ஹைபிரிட்’ என்ற சொற்கள் அதிகம் காதில் விழுகின்றன. போம் மெத்தையையும் தும்பு மெத்தையையும் விட இவற்றின் விலை பல மடங்கு. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்த பின் அந்தச் சுமை இன்னும் கூடியிருக்கிறது. ஒரு தடவை வாங்கினால் பத்து வருடம் படுக்க வேண்டிய பொருள். எனவே இந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யாருக்கு எது பொருந்தும், கண்டி மாதிரியான ஈரமான ஊரில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடுகண்ணாவைக்குக் கீழே இருக்கும் மூலப்பொருள்

லேட்டெக்ஸ் என்பது வேறொன்றுமில்லை, இறப்பர் பால்தான். கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் கடுகண்ணாவை இறக்கத்தைத் தாண்டி மாவனெல்லை, கேகாலைப் பக்கம் போகும்போது வீதியோரம் தெரியும் இறப்பர் மரங்களே அதன் மூலம். 1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலில் திரட்டிய விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, அதே ஆண்டில் கன்றுகளாக இலங்கைக்கு வந்தன. அவை கம்பஹா மாவட்டத்தின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இலங்கையின் இறப்பர்ச் செய்கை அங்கிருந்துதான் பரவியது.

அதிகாலையில் மரத்திலிருந்து எடுக்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். மீதி பெரும்பாலும் நீர். அமோனியா சேர்த்துப் பாதுகாத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, இறப்பர் அளவை 60 வீதமளவுக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு சவர்க்காரக் கலவை, கந்தகம், நாக ஒக்சைட்டு போன்றவற்றைச் சேர்த்து, முட்டையின் வெள்ளைக்கருவை அடிப்பது போல நுரைக்க அடித்து அச்சில் ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். 1929இல் பிரித்தானியாவின் டன்லொப் நிறுவன ஆய்வுகூடத்தில் உருவானதால் இதற்கு டன்லொப் முறை என்று பெயர். லேட்டெக்ஸ் மெத்தையில் வரிசையாகத் தெரியும் ஓட்டைகள் அச்சிலுள்ள ஊசிகளின் தடம். வெப்பம் உள்வரை சீராகப் போவதற்காக வைத்தவை. காற்றோட்டம் அதனால் கிடைக்கும் இன்னொரு பயன்.

இரண்டாவது முறை தலலே. இதில் அச்சை மூடி, காற்றை உறிஞ்சி நுரையை விரியச்செய்து, உறையவைத்த பிறகே வேகவைப்பார்கள். டன்லொப் சற்று அடர்த்தியாகவும், அடிப்பக்கம் கூடுதல் உறுதியாகவும் இருக்கும். தலலே மென்மையும் சீரும் கூடியது, விலையும் கூடியது. இலங்கைத் தயாரிப்புகளில் நீங்கள் பெரும்பாலும் காணப்போவது டன்லொப் முறை. அதைத் தரக்குறைவாக எண்ணத் தேவையில்லை.

‘ஹைபிரிட்’டுக்குள் என்ன இருக்கிறது?

ஹைபிரிட் என்றால் கலப்பு. அடியில் தனித்தனித் துணிப்பைகளுக்குள் வைத்த ஸ்பிரிங்குகள் (பொக்கெற் ஸ்பிரிங்), அதன் மேல் லேட்டெக்ஸ் அடுக்கு, அதன் மேல் துணி உறை. பழைய ஸ்பிரிங் மெத்தைகளில் கம்பிகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஒருவர் புரண்டால் கட்டில் முழுவதும் ஆடும். பொக்கெற் ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றும் தனியாக அமிழும். ஸ்பிரிங் உடலைத் தாங்குகிறது, லேட்டெக்ஸ் உடலின் வளைவுகளுக்கு இடம் கொடுக்கிறது. இதுதான் அடிப்படை.

ஏமாறும் இடமும் இதுவே. ‘லேட்டெக்ஸ் ஹைபிரிட்’ என்ற பெயரோடு வரும் பத்து அங்குல மெத்தையில் லேட்டெக்ஸ் ஒரு அங்குலம் மட்டுமே இருக்கலாம். மீதி சாதாரணப் பொலியூரித்தேன் போமாக இருக்கலாம். அந்த ஒரு அங்குலமும் பெற்றோலிய மூலப்பொருளிலிருந்து செய்யும் செயற்கை லேட்டெக்ஸ் கலந்ததாக இருக்கலாம். பெயரில் பொய் இல்லை; ஆனால் நீங்கள் எதிர்பார்த்த பொருளும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி எடை. இயற்கை லேட்டெக்ஸ் கனமானது. ஒரு கன மீற்றருக்கு 80 கிலோ என்று வைத்தால், 72க்கு 60 அங்குல மெத்தையில் இரண்டு அங்குல அடுக்கு மட்டுமே 11 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதே அளவு சாதாரண போம் மூன்று, நான்கு கிலோதான். ஆகவே இரண்டு மூன்று அங்குல லேட்டெக்ஸ் இருப்பதாகச் சொல்லும் மெத்தையின் மொத்த எடையைக் கேளுங்கள். உறையில் ஸிப் இருந்தால் திறந்து அடுக்குகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பதும் ஒரு பதில்தான்.

உங்கள் படுக்கைப் பழக்கம் எது?

ஒரே மெத்தை ஒருவருக்குச் சுகமாகவும் இன்னொருவருக்குத் தண்டனையாகவும் இருப்பதன் காரணம், படுக்கும் விதத்துக்கேற்ப உடலின் பாரம் வேறு வேறு இடங்களில் இறங்குவதே.

*சரிந்து படுப்பவர்கள்.* பாரம் முழுவதும் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்கும். மேலடுக்கு இடம் கொடுக்காவிட்டால் தோள் நசுங்கும், கை மரக்கும், இடுப்புக்கும் விலாவுக்கும் இடையே முதுகு தொங்கும். இவர்களுக்கு 5 முதல் 8 சென்ரிமீற்றர் வரை மென்மையான லேட்டெக்ஸ் மேலடுக்கு வேண்டும். தோளின் அகலத்தை நிரப்பக்கூடிய உயரமான தலையணையும் வேண்டும். எங்கள் அம்மா இந்த வகை. கர்ப்பிணித் தாய்மாரும் இந்த வகைதான். கடைசி மூன்று மாதங்களில் சரிந்து படுக்கும்படியே வைத்திய ஆலோசனை சொல்கிறது.

*மல்லாந்து படுப்பவர்கள்.* பாரம் பரவலாக இறங்குவதால் இவர்களுக்கு நடுத்தர உறுதி பொருந்தும். மெத்தையில் மல்லாந்து படுத்து இடுப்பு வளைவுக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கடினம். கை நுழையவே இடமில்லாமல் இடுப்புப் பகுதி புதைந்தால் மெத்தை மென்மை. சற்று உரசியபடி நுழைந்தால் சரி.

*குப்புறப் படுப்பவர்கள்.* வயிற்றுப் பகுதி அமிழ்ந்து இடுப்பு வில்லாக வளைவதுதான் இவர்களின் பிரச்சினை. மேலடுக்கு மெல்லியதாகவும் உறுதியாகவும், கீழே ஸ்பிரிங் வலுவாகவும் இருக்க வேண்டும். தலையணை மிகத் தட்டையாக இருக்கட்டும். முடிந்தால் சரிந்து படுக்கப் பழகுவது கழுத்துக்கு நல்லது.

*இரவெல்லாம் புரள்பவர்கள்.* ஹைபிரிட்டின் உண்மையான பயனாளிகள் இவர்கள். உடல் சூட்டில் மெதுவாக இளகும் மெமரி போமில் குழி விழுந்து புரளச் சிரமமாக இருக்கும். லேட்டெக்ஸ் அமிழ்ந்த உடனே மேலெழும். மூட்டு வலியுள்ள முதியவர்களுக்கும் இந்த எழும்பல் கட்டிலிலிருந்து எழ உதவும்.

வெளிநாட்டு மெத்தை விபரங்களில் ‘ஐ.எல்.டி.’ என்ற எண்ணைக் காண்பீர்கள். 50 சதுர அங்குல வட்டத் தட்டை நுரைக்குள் அதன் தடிப்பில் கால் பங்கு அமிழ்த்த எத்தனை இறாத்தல் விசை தேவை என்பதே அது. பொதுவாக 20ஐ ஒட்டியது மென்மை, 30க்குக் கீழே நடுத்தரம், 35ஐ நெருங்கினால் உறுதி. எங்கள் கடைகளில் பெரும்பாலும் இந்த எண்ணைக் கேட்டால் விழிப்பார்கள். ஆனாலும் கேளுங்கள், இறக்குமதிப் பொருளென்றால் தயாரிப்பாளரின் விபரத்தாளில் இருக்கக்கூடும்.

‘கடினம்தான் நல்லது’ உண்மையா?

இந்த நம்பிக்கை எங்கள் வீட்டில் மட்டும் இருந்ததல்ல. 2003இல் ‘லான்செற்’ மருத்துவ சஞ்சிகையில் ஸ்பெயின் ஆய்வொன்று வெளியானது. நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கடின மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தர உறுதியான மெத்தையும் கொடுத்தார்கள். தொண்ணூறு நாட்களின் பின், நடுத்தர உறுதி மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையிலும் எழும்போதும் வலி குறைவாக இருந்தது. அன்றாட வேலைகளில் சிரமமும் குறைந்திருந்தது.

இந்த ஆய்வு மெத்தையின் உறுதியைப் பற்றியது, லேட்டெக்ஸைப் பற்றியதல்ல. ‘லேட்டெக்ஸ் இடுப்பு வலியைக் குணமாக்கும்’ என்று யாரும் சொன்னால் அதற்கு இதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. ‘மருத்துவ’, ‘ஓர்த்தோபீடிக்’ என்ற சொற்களும் மெத்தையின் மேல் ஒட்டிய விளம்பரச் சொற்களே. எந்த வைத்தியரும் உங்களைப் பார்த்து எழுதித் தந்த சீட்டு அல்ல. கால் மரத்தல், காலுக்கு இறங்கும் வலி, காய்ச்சலோடு வரும் முதுகு வலி இருந்தால் மெத்தைக் கடைக்கு முன் வைத்தியரிடம் போக வேண்டும்.

எடை, துணை, குழந்தை

பழக்கத்தோடு எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 50 கிலோவுக்குக் கீழே உள்ளவருக்கு ‘நடுத்தரம்’ என்று எழுதிய மெத்தையும் கடினமாகவே படும். அவர் உடல் அதை அமிழ்த்தாது. 90 கிலோவைத் தாண்டியவருக்கு அதே மெத்தை மென்மையாகப் படும். அவர் ஒரு படி உறுதி கூடியதையும் தடித்த ஸ்பிரிங் அடுக்கையும் தேட வேண்டும். கணவன், மனைவி இருவரின் எடையிலும் பழக்கத்திலும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரு மெத்தையில் சமரசம் தேடுவதைவிட, ஒரே கட்டிலில் இரண்டு தனி மெத்தைகளை அருகருகே போடுவது மேல். நடுவிலுள்ள இடைவெளியைத் தடித்த விரிப்பு மறைத்துவிடும்.

கைக்குழந்தைக்கு இந்த மெத்தைகள் எதுவும் ஏற்றதல்ல. குழந்தை உறுதியான, தட்டையான படுக்கையில் மல்லாந்து படுக்க வேண்டும். மென்மையான மேலடுக்கில் முகம் புதைந்தால் மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு. இறப்பர்க் கையுறை போட்டால் தோல் தடிக்கும், மூச்சிரைக்கும் என்பவர்கள், குறிப்பாகத் தாதியரும் வைத்தியசாலை ஊழியர்களும், வாங்குவதற்கு முன் வைத்திய ஆலோசனை பெறுவது அவசியம்.

கண்டியின் ஈரம்

விளம்பரங்கள் சொல்லாத விடயம் இது. கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போல இருக்கிறது. வெயில் கொழும்பளவு கொடுமையில்லை. ஆனால் ஈரம் வருடம் முழுக்க உண்டு. ஒக்டோபர், நவம்பர் மழையில் அலுமாரிக்குள் இருக்கும் துணியே பூஞ்சணம் பிடிக்கும். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண்ணை ஒட்டிய பின்சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். அந்தச் சுவரோடு ஒட்டிய கட்டிலில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெத்தையும் அடியில் கறுத்துப்போகும். ஹைபிரிட்டில் ஸ்பிரிங் துருவும் பிடிக்கும்.

முதல் வேலை, மெத்தை வந்த அன்றே பொலித்தீன் உறையைக் கழற்றுவது. ‘அழுக்காகாமல் இருக்கட்டும்’ என்று வருடக்கணக்கில் பொலித்தீனோடு படுக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். உடல் வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். அழுக்குக்குப் பயமென்றால் கழுவக்கூடிய பருத்தி உறை போடுங்கள்.

அடுத்தது கட்டில். முழுப் பலகை அடித்த கட்டிலைவிட இடைவெளிவிட்டுச் சட்டங்கள் அடித்த கட்டில் நல்லது. ஆனால் இடைவெளி 7 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. போனால் மெத்தை தொய்யும். முழுப் பலகைதான் இருக்கிறதென்றால் தச்சரைக் கொண்டு துளைகள் போடச் செய்யலாம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை மெத்தையின் ஒரு பக்கத்தைத் தூக்கிவைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

மூன்றாவது, பழைய பழக்கமொன்றை விடவேண்டும். இலவம்பஞ்சு மெத்தையை முற்றத்தில் வெயிலில் காயப்போட்டு அடித்து எடுத்தவர்கள் நாம். லேட்டெக்ஸுக்கு அது கேடு. நேரடி வெயில் பட்டால் இறப்பர் மஞ்சளாகி, காய்ந்து, பொடியாக உதிரும். நிழலில் காற்றாட வைத்தாலே போதும்.

கடையில் செய்ய வேண்டியது

கடையில் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் நமது வழக்கம். பலர் பார்க்கப் படுப்பதற்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கூச்சமாக இருக்கும். கூட்டமில்லாத வார நாள் காலையில் வீட்டார் ஒருவரோடு போங்கள். சொந்தத் தலையணையை எடுத்துச் செல்லுங்கள். வழக்கமாகப் படுக்கும் நிலையில் பத்து, பதினைந்து நிமிடம் அசையாமல் படுங்கள். கூட வந்தவரைப் பின்பக்கமிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். சரிந்து படுத்திருக்கும்போது கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு நேர்கோடாகத் தெரிந்தால் அந்த மெத்தை உங்களுக்குப் பொருந்துகிறது.

கேட்கவேண்டிய கேள்விகள் இவை:

– லேட்டெக்ஸ் அடுக்கு எத்தனை அங்குலம்? அதன் கீழே போம் இருக்கிறதா?
– லேட்டெக்ஸ் முழுவதும் இயற்கையா, செயற்கை கலந்ததா? டன்லொப்பா, தலலேயா?
– மொத்த எடை எத்தனை கிலோ?
– சான்றிதழ் எது? ‘கோல்ஸ்’ என்றால் சேதன முறையில் விளைந்த இறப்பரைப் பற்றியது. ‘ஓகோ-டெக்ஸ்’ என்றால் தீங்கான இரசாயனங்கள் உள்ளனவா என்ற பரிசோதனை மட்டுமே. இயற்கைப் பொருள் என்பதற்கு அது அத்தாட்சியல்ல.
– உத்தரவாதம் எதற்கு? எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவீர்கள்?
– உடலுக்கு ஒத்துவராவிட்டால் மாற்றலாமா? எத்தனை நாளுக்குள்?

பதில்களைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதியதற்கு மாறான பொருள் வந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. எழுத்தில் ஏதும் இல்லாவிட்டால் முறைப்பாடு வாய்ப்பேச்சாகவே முடியும்.

அளவையும் மறக்க வேண்டாம். இங்கே பரவலாகக் கிடைக்கும் 72 அங்குல நீளம் சரியாக ஆறடி. ஐந்தடி ஒன்பது அங்குலத்தைத் தாண்டியவருக்குத் தலையணை வைத்தபின் கால் வெளியே நிற்கும். கட்டிலை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வீட்டுக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். லொறி வராத ஒழுங்கை, அறுபது படிக்கட்டு, ஐம்பது கிலோவை நெருங்கும் மெத்தை: இது கண்டியில் சாதாரணம். லேட்டெக்ஸை உறையைப் பிடித்து இழுத்தாலோ நடுவில் மடித்தாலோ கிழியும்.

பணம் போதாதென்றால்

தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயன் அறையொன்றில் கொழுந்துக்கூடை சுமந்த முதுகோடு படுப்பவருக்கு ஹைபிரிட் மெத்தை பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அதிகாலையில் பால் எடுக்கும் தொழிலாளியின் வீட்டிலும் அந்தப் பாலில் செய்த மெத்தை இருக்காது. ஆனால் மேலே சொன்ன அடிப்படை அவர்களுக்கும் பொருந்தும்.

உறுதியான தும்பு மெத்தை அமிழாமல் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தூக்கிப்போடத் தேவையில்லை. மல்லாந்து படுப்பவருக்கு அதுவே போதும். சரிந்து படுப்பவர் அதன் மேல் ஐந்து சென்ரிமீற்றர் லேட்டெக்ஸ் விரிப்பு ஒன்றைப் போட்டால், ஹைபிரிட்டின் பயனில் பெரும்பகுதியை அதன் விலையில் ஒரு பங்குக்குப் பெறலாம். அதுவும் முடியாதென்றால், சரிந்து படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையிலும், மல்லாந்து படுக்கும்போது முழங்கால்களுக்குக் கீழேயும் ஒரு தலையணை வைப்பது செலவில்லாத உதவி. நடுவில் குழி விழுந்த பழைய மெத்தைதான் யாருக்கும் உதவாதது. அதைவிடத் தரையில் பாய்மேல் தடித்த போர்வையை மடித்துப் போட்டுப் படுப்பது நல்லது.

எங்கள் வீட்டில் அந்த ‘மருத்துவ மெத்தை’க்குப் பன்னிரண்டு தவணைகளையும் கட்டி முடித்தோம். ஹைபிரிட் வாங்கக் காசு மிஞ்சவில்லை. அதன் மேல் இரண்டு அங்குல லேட்டெக்ஸ் விரிப்பைப் போட்டோம், பொலித்தீனைக் கழற்றினோம், கட்டிலைப் பின்சுவரிலிருந்து தள்ளினோம். அம்மாவின் இடுப்பு வலி முற்றாகப் போகவில்லை. மழைக்காலத்தில் இன்னும் வரும். ஆனால் தோள் மரப்பதில்லை. செற்றியில் இப்போது யாரும் படுப்பதில்லை.